பழைய கேம் கன்சோலைப் புதிய டிவி ஏன் தவறாகப் படிக்கிறது?

பரணில் பல ஆண்டுகள் கிடந்த வீடியோ கேம் கன்சோலை இறக்கித் தூசி தட்டி, வீட்டிலுள்ள 43 அங்குல டிவியுடன் இணைத்துப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஒரே ஏமாற்றத்தைத்தான் சந்திக்கிறார்கள். படம் வருகிறது. ஆனால் எழுத்துகள் ஈரத்தில் ஊறிய மைபோலப் பரவி நிற்கின்றன, உருவங்கள் குட்டையாகவும் அகலமாகவும் தெரிகின்றன, பொத்தானை அழுத்திச் சற்றுப் பொறுத்தே கதாநாயகன் தாவுகிறான். பழைய பொருள் இவ்வளவுதான் என்று முடிவுகட்டி, வயரைச் சுருட்டிப் பெட்டியை மூடிவிடுகிறார்கள்.

இந்த முடிவு தவறானது. நல்ல நிலையில் உள்ள ஒரு கன்சோல், தான் விற்பனைக்கு வந்த நாளில் அனுப்பிய அதே சமிக்ஞையைத்தான் இன்றும் அனுப்புகிறது. அந்தச் சமிக்ஞை இன்னதென்று அறியாமல், டிவி அதை வேறொன்றாக எடுத்துக்கொள்வதே சிக்கலின் வேர். மங்கல், தாமதம், மறைந்துபோகும் உருவங்கள் ஆகியவற்றில் பெரும்பங்கு இந்த ஒரே பிழையிலிருந்து கிளைப்பதால், எந்த வயரை வாங்கலாம், எந்தப் பெட்டியை வாங்கலாம் என்று கேட்பதற்கு முன் அந்தப் பிழையைப் புரிந்துகொள்வது பணத்தையும் மிச்சப்படுத்தும்.

## பிக்சர் டியூப் படத்தை வரைந்த விதம்

பிக்சர் டியூப் டிவியின் திரையில் முழுப்படம் ஒரே நேரத்தில் தோன்றியதில்லை. எலக்ட்ரான் கற்றை ஒன்று மேல் மூலையில் தொடங்கி, இடமிருந்து வலமாக ஒரு கோடு இழுத்து, திரும்பி வந்து அதன் கீழே அடுத்த கோட்டை இழுத்து, இப்படியே அடிவரை சென்று மறுபடி மேலே ஏறும். அமெரிக்காவும் ஜப்பானும் பின்பற்றிய என்டிஎஸ்சி முறையில் ஒரு படத்துக்கு 525 கோடுகள். இந்தியாவும் இலங்கையும் மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியும் ஏற்றுக்கொண்ட பேல் முறையில் 625 கோடுகள். இவற்றில் படம் தாங்கி வருபவை முறையே ஏறத்தாழ 480, 576 கோடுகள்தான். கற்றை அடியிலிருந்து உச்சிக்குத் திரும்பும் நேரம்தான் எஞ்சிய கோடுகளின் கணக்கில் அடங்குகிறது.

இத்தனை கோடுகளையும் நொடிக்கு 60 முறையோ 50 முறையோ முழுமையாக அனுப்ப அன்றைய ஒளிபரப்பு அலைவரிசைகளில் இடமில்லை. அதனால் படத்தை இரண்டு பாதிகளாகப் பிரித்தார்கள். முதலில் ஒற்றைப்படைக் கோடுகள் மட்டும் வரும், அடுத்து இரட்டைப்படைக் கோடுகள் வரும். ஒன்றுவிட்டு ஒன்றாக வரைகிற இந்த ஏற்பாட்டுக்கு இன்டர்லேஸ் என்று பெயர். ஒவ்வொரு பாதியும் ஃபீல்டு எனப்படும்.

525 கோடுகளில் பாதி 262.5. அந்த அரைக் கோட்டில்தான் முழுச் சூட்சுமமும் இருக்கிறது. ஒரு ஃபீல்டு அரைக் கோட்டோடு முடிவதால், அடுத்த ஃபீல்டின் கோடுகள் அரைக் கோடு அளவுக்குத் தள்ளி, முன்பு வரைந்த கோடுகளுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தில் பிசகாமல் போய் விழுகின்றன.

## 240பி: தரநிலையில் இல்லாத படம்

1983-இல் ஜப்பானில் வெளிவந்த நின்டெண்டோ ஃபேமிகாம், 1988-இல் வந்த சேகா மெகா டிரைவ், 1990-இல் வந்த சூப்பர் ஃபேமிகாம் ஆகியவை 480 கோட்டுப் படத்தை வரைவதற்காக உருவானவை அல்ல. ஃபேமிகாமின் படம் அகலத்தில் 256 புள்ளிகள், உயரத்தில் 240 புள்ளிகள். அசையும் பொம்மைகளை இன்டர்லேஸ் முறையில் காட்டினால் ஓரங்கள் துடிக்கும் என்பதால், வடிவமைப்பாளர்கள் அந்த அரைக் கோட்டையே விட்டுவிட்டார்கள். ஒரு ஃபீல்டுக்கு 262.5 கோடுகளுக்குப் பதிலாக 262 முழுக் கோடுகளை இந்தக் கருவிகள் அனுப்பின. சில கருவிகளில் அது 263 ஆக இருக்கும். பேல் நாடுகளுக்கான கருவிகளில் 312 அல்லது 313.

அரைக் கோடு போனதும் கற்றை ஒவ்வொரு முறையும் பழைய தடத்திலேயே வரையத் தொடங்குகிறது. பாதிப் படங்களுக்குப் பதிலாக, நொடிக்கு ஏறத்தாழ 60 முழுப் படங்கள், ஒவ்வொன்றும் 240 கோடுகளுடன் கிடைக்கின்றன. இடையிலுள்ள தடங்கள் ஒளி பெறாமல் கிடப்பதால்தான் பழைய திரையில் படத்தின் குறுக்கே மெல்லிய கருங்கோடுகள் தெரிந்தன. இந்த வகைச் சமிக்ஞையை இன்று 240பி என்று அழைக்கிறோம். படம் பாதிகளாகப் பிரியாமல் முழுமையாக வருவதைப் பி என்ற எழுத்து குறிக்கிறது. எந்த ஒளிபரப்புத் தரநிலையிலும் அப்படியொரு படம் கிடையாது. ஆனாலும் பிக்சர் டியூப் மறுக்கவில்லை. வருகிற சமிக்ஞை தரநிலைக்கு உட்பட்டதா என்று ஆராயும் வேலை அதற்கு இல்லை. கோட்டின் தொடக்கத்தையும் படத்தின் தொடக்கத்தையும் குறிக்கும் துடிப்புகள் எப்போது வருகின்றனவோ அப்போது கற்றையைத் திருப்புவது மட்டுமே அதன் வேலை.

## தட்டைத்திரை செய்யும் பிழை

தட்டைத்திரை டிவியில் கற்றை இல்லை. வருகிற சமிக்ஞையை ஒரு சில்லு எண்களாக மாற்றி, இது எந்த வகைப் படம் என்று தீர்மானித்து, திரையின் நிலையான புள்ளிக் கட்டங்களுக்கு ஏற்பப் பெரிதாக்கித் தருகிறது. அந்தச் சில்லுக்குத் தெரிந்த பழைய வகைகள் இரண்டே இரண்டு: இன்டர்லேஸ் செய்யப்பட்ட 480 கோடுகள், இன்டர்லேஸ் செய்யப்பட்ட 576 கோடுகள். சுருக்கமாக 480ஐ, 576ஐ. இவற்றில் ஐ என்ற எழுத்து இன்டர்லேஸைக் குறிக்கிறது. மஞ்சள் வயரில் 262 கோடுகள் வந்ததும், 240பி படத்தை அடையாளம் காணத் தெரியாத டிவி அதை 480ஐ படத்தின் ஒரு பாதி என்றே எண்ணிக்கொள்கிறது. அதன் விளைவுகள் இவை:

1. அடுத்தடுத்து வரும் இரண்டு முழுப் படங்களை ஒரே படத்தின் இரு பாதிகள் எனக் கொண்டு டிவி பின்னிவிடுகிறது. நிற்கும் காட்சியில் இது லேசான மங்கலாகவோ மேலும் கீழுமான துடிப்பாகவோ தெரியும். ஓடும் காட்சியில் உருவங்களின் ஓரம் சீப்புப் பற்கள்போலப் பிளந்து நிற்கும்.

2. வேண்டுமென்றே மினுக்கப்பட்ட உருவங்கள் காணாமல் போகின்றன. ஃபேமிகாமால் ஒரு கோட்டில் 8 நகரும் உருவங்களுக்கு மேல் காட்ட முடியாது. அதற்கு மேல் தேவைப்பட்டால், விளையாட்டை எழுதியவர்கள் ஒரு படத்தில் சிலவற்றையும் மறு படத்தில் மற்றவற்றையும் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். அடிபட்ட வீரன் சில விநாடிகள் மினுக்குவதும் பல விளையாட்டுகளில் இதே உத்திதான். இரண்டு படங்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை ஊகித்து நிரப்பும் டிவியில், வீரன் மினுக்காமல் முழுக்க மறைந்துவிடலாம், அல்லது எதுவும் நடக்காததுபோல் அப்படியே நிற்கலாம்.

3. பச்சை, நீலம், சிவப்பு என மூன்று வயர்களில் வரும் காம்போனென்ட் இணைப்பில் சில டிவிகள் இன்னும் கறாரானவை. அந்த இணைப்பில் 480ஐ-க்குக் கீழே எதையும் எதிர்பார்க்காததால், 240பி வந்தால் சமிக்ஞை இல்லை என்றே எழுதிக் காட்டிவிடும். பிளேஸ்டேஷன் 2-ஐக் காம்போனென்ட் வயரில் இணைத்தவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கக்கூடும். பிஎஸ்2 டிஸ்க் ஓடும், முதல் பிளேஸ்டேஷனின் டிஸ்க்கைப் போட்டால் திரை இருண்டுவிடும். கன்சோல் பழுதாகிவிட்டது என்று கடைக்குத் தூக்கிச் செல்ல வேண்டியதில்லை. பழைய டிஸ்க்குகளில் பெரும்பாலானவை 240பி என்பதே காரணம்.

எல்லாப் பழைய கன்சோல்களையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 2000-இல் வந்த பிளேஸ்டேஷன் 2-இன் விளையாட்டுகள் பெரும்பாலும் உண்மையான 480ஐ படத்தையே தருகின்றன. டிவி அதை இன்டர்லேஸ் என்று படிப்பது சரியே. சேகாவின் டிரீம்காஸ்ட் விஜிஏ என்ற கணினித்திரை இணைப்பு வழியாகவும், நின்டெண்டோவின் வீ காம்போனென்ட் வழியாகவும் 480 கோடுகளை முழுமையாகத் தரவல்லவை. அவற்றைப் புதிய டிவி பெரிய தகராறின்றி ஏற்கும். இந்தக் கட்டுரை அதிகம் கவலைப்படுவது அவற்றுக்கு முந்தைய தலைமுறைகளைப் பற்றித்தான்.

## வயர்: படம் எவ்வளவு கலந்து வருகிறது

கன்சோலின் உள்ளே படம் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று தனி அளவுகளாகவே பெரும்பாலும் பிறக்கிறது. வெளியே வரும் வழியில் அவை எந்த அளவுக்கு ஒன்றாகக் கலக்கப்படுகின்றன என்பதே ஒரு வயருக்கும் இன்னொரு வயருக்கும் உள்ள வேறுபாடு. கலந்ததை முழுமையாகப் பிரிக்க முடியாது என்பதால் இந்த வரிசை முக்கியமானது.

1. ஆர்எஃப். படமும் ஒலியும் சேர்ந்து ஒரு டிவி சேனலாகவே ஆன்டெனா துளைக்குள் போகும். 1977-இன் அடாரி 2600, முதல் ஃபேமிகாம் ஆகியவற்றில் இது ஒன்றே வழி. ஜப்பானிய ஃபேமிகாமை இங்கே இணைக்க முயல்பவர்களுக்குக் கூடுதல் இடர் உண்டு. அது பயன்படுத்தும் ஜப்பானிய 1, 2 ஆம் சேனல்கள் 90 முதல் 102 மெகாஹெர்ட்ஸ் வரையிலானவை. அது நம் ஊரில் எஃப்எம் வானொலி ஒலிக்கும் பகுதி. டிவி அங்கே தேடிப் பிடித்தாலும், ஒலிக்கான இடைவெளி இரு நாட்டு முறைகளிலும் வேறு என்பதால் படம் வந்து ஒலி வராமல் போகலாம்.

2. காம்போசிட். மஞ்சள் முனை கொண்ட வயர். ஒளியளவும் வண்ணமும் ஒரே கம்பியில் கலந்து வரும். டிவி அவற்றைப் பிரிக்கும்போது வண்ண ஓரங்களில் புள்ளிகள் எறும்புபோல ஊர்வதும், சிவப்பு பக்கத்துப் புள்ளிகளில் வழிவதும் இதன் இயல்பு.

3. எஸ்-வீடியோ. நான்கு ஊசிகள் கொண்ட வட்ட முனை. ஒளியளவும் வண்ணமும் தனித்தனிக் கம்பிகளில் வருவதால் படம் ஒரே தாவலில் தெளிவடையும். இப்போது விற்கும் டிவிகளில் இந்தத் துளை இருப்பது அரிது.

4. ஆர்ஜிபியும் காம்போனென்ட்டும். மூன்று அளவுகளும் பிரிந்தே வருபவை. ஐரோப்பாவில் ஆர்ஜிபி படம் ஸ்கார்ட் என்ற 21 ஊசி முனை வழியாக டிவிக்குப் போனது. மெகா டிரைவ், சூப்பர் ஃபேமிகாம், பிளேஸ்டேஷன் ஆகியவை உள்ளே ஒரு மாற்றமும் செய்யாமல் ஆர்ஜிபி தரும். ஃபேமிகாமும் அதன் அமெரிக்க வடிவமான என்இஎஸ்-உம் தராது. அவற்றின் படச் சில்லு நேரடியாகவே கலந்த சமிக்ஞையை உருவாக்குவதால், பிரித்து எடுக்க உள்ளே எதுவும் இல்லை.

தெளிவான வயர் எப்போதும் மேலானது என்று சொல்லத் தோன்றும். பெரும்பாலும் அது உண்மையும்கூட. ஆனால் கலப்பையே கருவியாகக் கொண்டு தீட்டப்பட்ட படங்களும் உண்டு. 1991-இல் மெகா டிரைவுக்கு வந்த சோனிக் த ஹெட்ஜ்ஹாகின் முதல் கட்டத்தில் ஓர் அருவி விழுகிறது. அதன் புள்ளிகளை நெருங்கிப் பார்த்தால், நீர் உள்ள செங்குத்துக் கோடு ஒன்று, நீர் இல்லாத கோடு ஒன்று என்று கம்பி வேலிபோல மாறி மாறி நிற்கும். ஒன்றன் ஊடே இன்னொன்று தெரியும்படி வண்ணம் கலக்க அந்தக் கருவியால் முடியாது. மஞ்சள் வயர் பக்கத்துப் பக்கத்துக் கோடுகளைக் குழைத்துவிடும் என்று ஓவியர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தக் குழைவில் அருவி கண்ணாடிபோல ஊடுருவித் தெரிந்தது. ஆர்ஜிபி வயரில் அதே அருவி வேலியாகவே நிற்கிறது. வயரின் குறையையும் வண்ணக் கிண்ணமாக்கிக்கொண்ட அந்தக் கைகளை எத்தனை பாராட்டினாலும் தகும்.

புதிய டிவிகளின் பின்புறத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மஞ்சள் துளை தனியாக இல்லாமல், காம்போனென்ட்டின் பச்சைத் துளையே இரண்டுக்கும் பொதுவாக அமைந்திருக்கும். மஞ்சள் வயரை அங்கே செருகி, டிவியில் காம்போனென்ட் உள்ளீட்டைத் தேர்ந்தால் படம் கறுப்பு வெள்ளையாக வரும். ஏவி உள்ளீட்டுக்கு மாற்றினால் வண்ணம் வந்துவிடும். இன்னும் சில டிவிகளில் ஹெட்போன் துளை அளவிலான ஒரே ஓட்டைதான் இருக்கும். அதற்கான இணைப்பு வயரில் நான்கு தொடுமுனைகள் எந்த வரிசையில் உள்ளன என்பது வயருக்கு வயர் மாறுபடுவதால், டிவியோடு கொடுத்த வயரையே பயன்படுத்துவது நல்லது.

## தாமதம்

பிக்சர் டியூப் ஒரு கோடு வந்ததும் அந்தக் கோட்டை வரைந்துவிடும். என்டிஎஸ்சி முறையில் ஒரு கோட்டின் ஆயுள் ஏறத்தாழ 63.5 மைக்ரோ விநாடி. காத்திருக்க அங்கே எதுவுமே இல்லை. தட்டைத்திரையோ ஒரு ஃபீல்டையாவது நினைவில் தேக்கி, அதற்கு முந்தையதோடு ஒப்பிட்டு, பின்னி, பெரிதாக்கி, கூர்மையாக்கி, வண்ணம் திருத்தி, அசைவை மழுப்பி, அதன் பிறகே காட்டுகிறது. ஒரு படத்தின் நேரம் 16.7 மில்லி விநாடி. இந்த வேலைகள் அனைத்தும் இயங்கும்போது பல டிவிகளில் தாமதம் 100 மில்லி விநாடியைத் தொடும்.

இது எவ்வளவு பெரியது என்பதை 1985-இன் சூப்பர் மாரியோ பிரதர்ஸைக் கொண்டு கணக்கிடலாம். வேகமாக ஓடும் மாரியோ ஒரு படத்துக்கு 2.5 புள்ளி நகர்கிறான். 100 மில்லி விநாடி என்பது 6 படங்கள், அதாவது 15 புள்ளிகள். அந்த விளையாட்டில் ஒரு செங்கல்லின் அகலம் 16 புள்ளி. திரையில் மாரியோ பள்ளத்தின் விளிம்பில் நிற்பதாகத் தெரியும் அந்த நேரத்தில், கன்சோலுக்குள் இருக்கும் மாரியோ ஏறத்தாழ ஒரு செங்கல் தூரம் தாண்டிப் பள்ளத்துக்குள் விழத் தொடங்கியிருப்பான். சிறு வயதில் எளிதாகத் தாண்டிய இடத்தில் இப்போது திரும்பத் திரும்ப விழுகிறவர், தன் கை வேகம் குறைந்துவிட்டது என்று நொந்துகொள்ளத் தேவையில்லை.

டிவியின் படத் தேர்வுகளில் உள்ள கேம் மோட் இந்தத் தேக்கங்களில் பலவற்றை நிறுத்திவிடும். எச்டிஎம்ஐ வழியாக முழுப்படமாக வரும் சமிக்ஞைக்கு அது பெரும் பயன் தரும். ஆனால் ஏவி துளை வழியாக வரும் படத்துக்கு, கேம் மோட் போட்ட பிறகும், இன்டர்லேஸ் பின்னும் வேலை பல டிவிகளில் நிற்பதில்லை. ஆகவே மாற்றும் வேலையை டிவியிடம் விடாமல், அதற்கு முன்பே முடித்துக்கொடுப்பதில்தான் தீர்வு இருக்கிறது.

## 240-ஐப் பெரிதாக்கும் கணக்கு

240 கோடுகளை 720 ஆக்க ஒவ்வொரு கோட்டையும் மும்முறை வரைந்தால் போதும். 4கே திரையின் 2160 கோடுகளுக்கு ஒன்பது முறை. இரண்டும் மீதியின்றி வகுபடுகின்றன. 1080-தான் இடக்கானது. 1080-ஐ 240-ஆல் வகுத்தால் 4.5. அரைக் கோடு வரைய முடியாது என்பதால், ஒரு புள்ளியை நான்கு கோடாகவும் அடுத்ததை ஐந்து கோடாகவும் வரைய வேண்டும், அல்லது இரண்டின் ஓரத்தையும் மழுப்ப வேண்டும். நான்கு மடங்கு மட்டும் பெருக்கி 960 கோடுகளோடு நிறுத்தி மேலும் கீழும் கறுப்புப் பட்டை விடுவதும், ஐந்து மடங்கு பெருக்கி 1200 கோடுகளில் 120 கோடுகளை வெட்டிவிடுவதும் மற்ற வழிகள். பல விளையாட்டுகளில் மேல், கீழ் ஓரங்களில் முக்கியமானவை எதுவும் வரையப்படாததால் வெட்டுவது அநேகமாக வலிக்காது. பிக்சர் டியூப் டிவியின் விளிம்புச் சட்டம் அந்த ஓரங்களை மறைத்துவிடும் என்று நம்பியே விளையாட்டுகளை எழுதினார்கள். சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3-இன் வலது ஓரத்தில் வண்ணங்கள் தவறாக மாறுவது இப்போது தெரிவதும் அந்தச் சட்டம் இல்லாமையால்தான்.

அகலம் தனிக் கதை. இந்தப் படங்கள் 4:3 திரைக்காக வரையப்பட்டவை. 16:9-க்கு இழுத்தால் அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடும், உருண்டைப் பந்து முட்டையாகும். டிவியில் 4:3 தேர்வு இருந்தால் அதைப் போட்டுவிட்டு இருபுறக் கறுப்புப் பட்டையைப் பொறுத்துக்கொள்வதே சரி.

## 50-உம் 60-உம்

இந்தியாவுக்கு 1982-இல் வண்ண ஒளிபரப்பு வந்தபோது பேல் முறையே வந்தது. பேல் நாடுகளுக்காகச் செய்த கன்சோல்கள் நொடிக்கு 50 படங்களே தரும். ஜப்பானில் 60-க்கு எழுதிய விளையாட்டை மாற்றி எழுதாமல் அப்படியே ஓட்டினால், வேகமும் இசையும் ஆறில் ஒரு பங்கு குறையும். பல ஆண்டுகள் ஐரோப்பியச் சிறுவர்கள் சோனிக் இந்த வேகத்தில்தான் ஓடுவான் என்று எண்ணியிருந்தார்கள்.

டிவி இரு வேகங்களையும் ஏற்கும். கன்சோலுக்கும் டிவிக்கும் நடுவே வைத்துப் படத்தை மாற்றித் தரும் இடைப் பெட்டிகளில்தான் கவனம் தேவை. மலிவான பெட்டிகள் எந்த உள்ளீடு வந்தாலும் 60-ஐயே வெளியிடுவது வழக்கம். 50 படங்களைக் கொண்டு 60 இடங்களை நிரப்ப, ஐந்துக்கு ஒன்றை இரண்டு முறை காட்டியாக வேண்டும். திரை பக்கவாட்டில் நகரும் விளையாட்டுகளில் இது நொடிக்குப் பத்து முறை ஏற்படும் திக்கலாகத் தெரியும்.

வேக விஷயத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. பழைய கன்சோல்கள் துல்லியமாக 60-இல் ஓடுவதில்லை. என்இஎஸ் நொடிக்கு 60.0988 படங்கள் தருகிறது, ஒளிபரப்புத் தரம் 59.94. பிக்சர் டியூப் இதைப் பொருட்படுத்தவில்லை. எச்டிஎம்ஐ உள்ளீடுகளில் சில பொருட்படுத்தி, படத்தையே மறுத்துவிடுகின்றன.

## இடைப் பெட்டிகள்

சந்தையில் உள்ளவற்றை மூன்று வகையாகப் பார்க்கலாம்.

1. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஏவி டு எச்டிஎம்ஐ பெட்டி. டிவி செய்த அதே பிழையை டிவிக்கு வெளியே வைத்துச் செய்கிறது. 240பி-யை 480ஐ என்று படித்து, பின்னி, 16:9-க்கு இழுத்து, தன் பங்குத் தாமதத்தையும் சேர்த்து, டிவியிடம் கொடுக்கிறது. ஏவி துளையே இல்லாத டிவியில் படம் வரவழைக்க மட்டும் இது உதவும். துளை உள்ள டிவிக்கு இதை வாங்குவது வீண் செலவு. பெயரைத் தலைகீழாகப் படித்து எச்டிஎம்ஐ டு ஏவி பெட்டியை வாங்கி ஏமாறுவோரும் உண்டு. இரண்டும் ஒருவழிப் பாதைகள்.

2. கோடு பெருக்கிகள். மார்குஸ் ஹீயென்காரி வடிவமைத்து, அனைவரும் பார்க்கும்படி வரைபடங்களைத் திறந்துவைத்த ஓஎஸ்எஸ்சி இவ்வகையின் முன்னோடி. இது முழுப்படத்தைத் தேக்குவதில்லை. ஒரு கோடு வந்ததும் அதை இரண்டு முதல் ஐந்து முறை வரை திருப்பி அனுப்புகிறது. அதனால் அது சேர்க்கும் தாமதம் சில கோடுகளின் அளவே, கையால் உணர முடியாதது. 240பி என்றால் என்ன என்று அதற்குத் தெரியும் என்பதே முதன்மையான சிறப்பு. இதன் மறுபக்கம், கன்சோலின் கோணல் வேகத்தையும் அப்படியே டிவிக்குக் கடத்துவது. இரண்டு மடங்கை ஏற்கும் டிவி ஐந்து மடங்கை மறுக்கலாம். மேலும் இதில் ஸ்கார்ட், காம்போனென்ட், விஜிஏ உள்ளீடுகளே உண்டு. மஞ்சள் வயரை நேரடியாகச் செருக இடமில்லை என்பதை வாங்கும் முன்பே அறிந்திருக்க வேண்டும்.

3. பழைய விளையாட்டுகளுக்கென்றே செய்த ஸ்கேலர்கள், அதாவது படத்தைத் திரைக்கேற்பப் பெரிதாக்கும் பெட்டிகள். மைக் சீ உருவாக்கிய ரெட்ரோடிங்க் வரிசை இதில் பெயர்பெற்றது. 2021-இல் வந்த 5எக்ஸ், மஞ்சள் வயர் முதல் ஸ்கார்ட் வரை ஏற்று, தரநிலையான வேகத்துக்கு மாற்றி 1080 கோடுகளில் தரும். 2023 இறுதியில் வந்த 4கே வடிவம், பிக்சர் டியூப்பின் கருங்கோடுகளையும் ஒளிப்புள்ளி அமைப்பையும் கூடப் போலியாக வரைந்து காட்டும். அதன் விலையில் ஒரு நடுத்தர டிவியே வாங்கிவிடலாம் என்பதால், ஒரே ஒரு கன்சோல் வைத்திருப்பவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கன்சோலுக்குள்ளேயே எச்டிஎம்ஐ பலகையைப் பற்றவைப்பதும், பழைய சில்லுகளின் செயலை எஃப்பிஜிஏ என்ற மாற்றியமைக்கத்தக்க சில்லில் உருவாக்கிக் கேசட்டை அதில் செருகுவதும் வேறு இரு வழிகள். இரண்டிலும் படம் எண்களாகவே டிவியை அடைவதால் மேலே சொன்ன சிக்கல்களில் பெரும்பாலானவை எழுவதே இல்லை. முதலாவதற்குத் தேர்ந்த கை வேண்டும். கைதவறினால் மீட்க முடியாத பொருளில் அது நடக்கிறது.

## எந்த வரிசையில் முயல்வது

1. மின்சாரம் முதலில். ஜப்பானிய அடாப்டர் 100 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் செருகினால் கருகும். மெகா டிரைவின் முதல் வடிவமும் ஃபேமிகாமும் நடு முனை எதிர்மின் கொண்டவை. இன்று கடைகளில் கிடைக்கும் அடாப்டர்களில் பெரும்பாலானவை நேர்மாறானவை. அமெரிக்க என்இஎஸ்-இன் அடாப்டரோ 9 வோல்ட் மாறுதிசை மின்சாரம் தருவது.

2. செலவில்லாதவை அடுத்து. கேம் மோட், 4:3, கூர்மையைக் குறைத்தல், அசைவை மழுப்பும் தேர்வை அணைத்தல். இவ்வளவிலேயே திருப்தி அடைபவர்கள் பலர்.

3. பிறகு வயர். பெட்டி எவ்வளவு உயர்ந்ததானாலும், மஞ்சள் வயரில் கலந்துபோன வண்ணத்தை முற்றிலும் பிரித்துத் தராது. கன்சோல் எதைத் தரவல்லது என்று பார்த்து, அதற்கேற்ற வயரையும் அதை ஏற்கும் பெட்டியையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும்.

## எந்தப் பெட்டியும் உதவாத இடம்

வாத்து சுடும் டக் ஹன்ட் போன்ற விளையாட்டுகளின் ஒளித் துப்பாக்கி எதையும் சுடுவதில்லை, பார்க்கிறது. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுக்கும். அடுத்த படத்தில் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றும். குழலின் உள்ளே இருக்கும் ஒளி உணரி அந்த வெள்ளையைக் கண்டால் வாத்து விழும். வெள்ளை எந்தப் படத்தில் வர வேண்டும் என்று விளையாட்டு எண்ணி வைத்திருப்பதால், தட்டைத்திரையின் தாமதம் ஒன்றே அதைக் கெடுக்கப் போதும். அதோடு என்இஎஸ் துப்பாக்கியின் சுற்று, கற்றை நொடிக்கு 15,000 தடவைக்கு மேல் கோடு கடக்கும் துடிப்பை மட்டுமே வெளிச்சம் என்று ஏற்கும்படி அமைந்தது. எல்சிடியின் ஒளியில் அந்தத் துடிப்பு இல்லை. வீயின் கைக்கருவி இதில் அடங்காது. அது திரையைப் பார்க்காமல், டிவிக்கு மேலோ கீழோ வைக்கும் பட்டையின் அகச்சிவப்பு விளக்குகளைப் பார்க்கிறது.

ஆகவே துப்பாக்கி விளையாட்டுகளை உண்மையாக ஆட விரும்புவோருக்குப் பிக்சர் டியூப் டிவி ஒன்றே வழி. பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போகும் 14 அங்குல டிவியில் மஞ்சள் துளை ஒன்று இருந்தாலே போதுமானது. பல இந்திய வண்ண டிவிகள் என்டிஎஸ்சி-யையும் ஏற்கும். ஏற்காதவற்றில் ஜப்பானிய, அமெரிக்கக் கன்சோல்களின் படம் கறுப்பு வெள்ளையாக வரும். வாங்கிய பின் அதன் பின்மூடியை மட்டும் தாமாகத் திறக்கக் கூடாது. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அந்தக் குழாயில் உயிருக்கு ஆபத்தான உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். தூசி எடுப்பதாக இருந்தாலும் பழைய டிவி பழுது பார்த்துப் பழகியவரிடம்தான் கொடுக்க வேண்டும்.